காட்டு உயிர்களுக்கு ஊரார் இட்ட பெயர்கள்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

ஒரே பிராணிக்கு நூலோர் வழங்கும் பெயர் ஒன்றாகவும் ஊரார் வழங்கும் பெயர் வேறொன்றாகவும் இருப்பதை நாம் எங்கும் காண்கிறோம். நூலோர் இட்ட பெயர் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஊரார் இட்ட பெயரோ வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது. பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. தகப்பன் வாயிலிருந்து மகன் செவிக்கு வந்து சேர்வது. ஆயினும், அப்பெயரை இட்டவர்கள் அந்தப் பிராணியோடு ஒரே வயலிலும் ஒரே ஏரிக்கரையிலும் ஒரே மலையடிவாரத்திலும் வாழ்ந்தவர்கள். ஆகையால் ஒவ்வொரு பெயரிலும் ஏதேனும் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது. அச்செய்தி பல இடங்களில் நம் உயிரையும் விளைச்சலையும் காக்கின்றது. சில இடங்களில் நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றது. எது எத்தகையது என்று பகுத்தறிந்து கொள்வது ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் பெரிதும் பயன்படும்.

இப்பெயர்கள் பிறந்த வழிகளை நான்காக வகுக்கலாம். கண்ணாற் கண்டதைக் கூறும் பெயர் ஒன்று. வீட்டுப் பிராணியோடு ஒப்பிட்டு இட்ட பெயர் மற்றொன்று. அஞ்சி, உண்மைப் பெயரை மறைத்து வழங்கும் பெயர் மூன்றாவது. கதையிலிருந்து பிறந்த பெயர் நான்காவது. இவையன்றி, தனி விலங்கு ஒன்றுக்கே ஊரார் சூட்டும் பட்டப்பெயரும் உண்டு.

கண்டதைக் கூறும் பெயர்கள்

நம் ஏரிகளில் நீந்தும் கரிய பறவையொன்றின் நெற்றியில் வெண்ணிறப் பட்டை ஒன்று உண்டு. அதனை நாமமாகக் கண்டவர்கள் 'நாமக்கோழி' என்றனர். வளைந்த நீண்ட அலகினை உடைய பறவை 'அரிவாள் மூக்கன்' ஆயிற்று. கதிர் அறுப்பவனுக்குத்தான் இப்படி ஒரு பெயர் தோன்றும்!

வெறும் வடிவத்தை மட்டுமன்றி, தொழிலையும் கூறும் பெயர்கள் உள்ளன. 'நத்தைகுத்தி நாரை'யின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் சிறு இடைவெளி தெரியும். நெல்வயலிலும் நீர்நிலையிலும் உள்ள நத்தைகளே அதன் முக்கிய உணவு. மாடு மேயும் இடத்தில் கூடவே திரியும் வெள்ளைக் கொக்குக்கு 'உண்ணிக்கொக்கு' என்று பெயர். மாட்டின் மேலுள்ள உண்ணியையும் ஈயையும் அது கொத்தித் தின்னும். மாட்டின் கால்பட்டு எழும் வெட்டுக்கிளிகளையும் பிடிக்கும். 'ஆள்காட்டி' என்ற பறவை, இரவாயினும் பகலாயினும், தன் கூட்டின் பக்கம் மனிதனோ விலங்கோ வந்தால் உரக்கக் கத்தி எழும்பும். தோட்டக் காவலுக்குச் செல்பவர்கள் இதன் குரலை ஓர் அறிவிப்பாகவே கொள்வர். இப்பெயர்களை அறிந்த உழவன் இப்பறவைகளைக் கவண் கொண்டு அடிக்கமாட்டான்.

பாலூட்டிகளிலும் இவ்வாறே. வரை என்பது மலை; மலை முகட்டிலும் செங்குத்தான பாறையிலும் வாழ்வதால் 'வரையாடு'. இதுவே நம் மாநில விலங்கு. செந்நிறமுடையது 'செந்நாய்'. எறும்பையும் கரையானையும் தின்பது 'எறும்புத்தின்னி'. அலங்கு என்றும் அழுங்கு என்றும் கூறப்படும் இப்பிராணிக்குப் பல் கிடையாது. ஆபத்து நேர்ந்தால் தன் உடலை உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும். இதன் செதில்களில் மருந்துண்டு என்ற பொய்ந்நம்பிக்கையால் இது களவாக வேட்டையாடப்படுகிறது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்துள்ளது. கரையான் அரிக்கும் நிலத்தை உடையவர்களுக்கு இதன் பெயரே இதற்குப் பரிந்து பேசும் சாட்சி.

கண்டதைக் கூறும் பெயர்களில் மிகத் துல்லியமானவை பாம்புப் பெயர்கள். முதுகில் கண்ணாடிச் சில்லுகளைக் கோத்தது போன்ற நீள்வட்டப் புள்ளிகள் வரிசையாக அமைந்தது 'கண்ணாடி விரியன்'. கரிய உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் குறுக்கே ஓடுவது 'கட்டுவிரியன்'. உடலைச் சுருட்டிச் சுருட்டி, செதிலோடு செதிலை உரசி, அரம் தேய்ப்பது போன்ற ஓசை எழுப்புவது 'சுருட்டை விரியன்'. இம்மூன்றும் நல்ல பாம்பும் சேர்ந்த நான்குமே நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமானவை. ஆகவே இவற்றின் அடையாளத்தைப் பெயரிலேயே பொதிந்து வைத்த முன்னோர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஒப்பிட்டு இட்ட பெயர்கள்

புதிய பிராணி ஒன்றைக் காணும் மனிதன், தனக்குத் தெரிந்த பிராணியின் பெயரோடு ஓர் அடைமொழியைச் சேர்த்து அதற்கு இடுகிறான். 'முள்ளம்பன்றி' பன்றி இனம் அன்று. எலி, அணில் முதலிய கொறிக்கும் பிராணிகளின் உறவு. அது முள்ளை அம்புபோல் எய்யும் என்பதும் உண்மை அன்று. முள் எளிதில் கழன்று, தாக்க வந்த விலங்கின் உடலில் தைத்துவிடும், அவ்வளவே. 'மரநாய்' நாயும் அன்று. மரத்தில் ஏறிப் பழம் தின்னும் பிராணி அது. தின்ற பழத்தின் விதையை வேறிடத்தில் போட்டுக் காட்டை வளர்க்கிறது. 'கழுதைப்புலி' கழுதையும் அன்று, புலியும் அன்று. செத்த கால்நடைகளைத் தின்று காட்டைத் துப்புரவு செய்யும் இப்பிராணி, நீலகிரி மாவட்டத்தின் சீகூர்ப் பகுதியில் சிறு எண்ணிக்கையில் இன்றும் வாழ்கிறது.

இத்தகைய பெயர்களால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் உறவு முறையைத் தவறாகக் காட்டும்போது கருத்தோடு இருத்தல் வேண்டும். இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறலாம்.

மலைச்சரிவில் மேயும் 'காட்டெருமை' உண்மையில் எருமைக்கு நெருங்கிய உறவன்று. நம் தொழுவத்துப் பசுவுக்கும் காளைக்குமே நெருங்கிய உறவு. இதனைக் 'காட்டுமாடு' என்று அழைக்கும் மலையூர்களே சரியான பெயரைக் காத்து வைத்திருக்கின்றன. இந்த உறவின் காரணமாக மாட்டு நோய் காட்டு மாட்டுக்கும் எளிதில் தொற்றுகிறது. 1968-ஆம் ஆண்டில் பரவிய வெக்கை நோயால் முதுமலைப் பகுதியின் காட்டு மாடுகள் பெருந்தொகையில் மடிந்தன. அந்நோய் 2011-ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது. எனினும் கோமாரி இன்னும் இருக்கிறது. காட்டோர ஊராட்சிகளில் கால்நடைகளுக்குக் கோமாரித் தடுப்பூசி தவறாது போடுவது, தொழுவத்தை மட்டுமன்றிக் காட்டையும் காக்கும் செயல்.

மற்றோர் எடுத்துக்காட்டு கட்டுவிரியன். 'விரியன்' என்ற சொல் பெயரில் இருப்பதால், இதனைக் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் இனமாக எண்ணுகின்றனர். உண்மையில் இது நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த வேறுபாடு பாம்பு நூல் கற்பவர்க்கு மட்டும் உரியதன்று, உயிரோடு தொடர்புடையது. மற்ற இரு விரியன்களும் கடித்த இடத்தில் வீக்கமும் கடும் வலியும் உண்டாகும். இரத்தம் உறையாமற் போகும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இராது, வலியும் மிகக் குறைவு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. விரியன் கடித்தால் வீங்கும் என்று எதிர்பார்த்திருப்பவன், வீக்கம் இல்லாமையைக் கண்டு, ஆபத்து இல்லை என்று எண்ணிவிடுவான்.

அஞ்சி மறைத்த பெயர்கள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. அஞ்சத்தக்க பிராணியின் பெயரை, அதிலும் இருட்டியபின், வாயால் கூறினால் அது வந்துவிடும் என்ற எண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ருசிய மொழியில் கரடிக்கு வழங்கும் சொல்லுக்குத் தேன் உண்பது என்றே பொருள். சுமத்திராத் தீவு மக்கள் புலியைப் பாட்டன் என்று மரியாதையாகக் குறிப்பர். வங்காளத்துச் சுந்தரவனக் காட்டில் தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் செல்வோர் புலியை மாமா என்பர். உறவு கொண்டாடினால் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

நம் நாட்டிலும், கொடிய நஞ்சுடைய பாம்பினை 'நல்ல பாம்பு' என்றே அழைக்கிறோம். தெய்வமாக வணங்கும் பக்தியும், அதனைச் சினமூட்டக் கூடாதென்ற அச்சமும் அப்பெயரில் ஒருங்கே உள்ளன. யானை நடமாடும் மலையடிவாரங்களில் அதனைப் 'பெரியவர்' என்றும் 'சாமி' என்றும் கூறுவோர் உண்டு. அந்த மரியாதையில் ஒரு நன்மையும் இருக்கிறது: பெரியவர் வரும் வழியில் குறுக்கே நிற்கலாகாது என்ற ஒழுக்கம் அதனோடு சேர்ந்தே வருகிறது.

ஆனால், பாம்பைப் 'பூச்சி' என்று மறைத்துக் கூறும் வழக்கம் ஒன்றை மட்டும் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு நோக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை அது உறக்கத்திலேயே கடிப்பதுண்டு. கடித்த தடம் எறும்புக்கடி போல இருக்கும். சில வேளை தடமே தெரியாது. கடிபட்டவர், "ஏதோ பூச்சி கடித்தது" என்று கூறிவிட்டு மீண்டும் படுத்துவிடுகிறார். சில மணி நேரத்துக்குப்பின் வயிற்று வலி, வாந்தி, பின்பு கண்ணிமைகள் தாமே சரிந்து மூடுதல், பேச்சுக் குழறுதல், விழுங்க இயலாமை, இறுதியில் மூச்சு முட்டுதல். வயிற்று வலிக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் நேரம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நேரம்.

பாம்பின் பெயரைச் சொல்லாவிடினும் வீட்டுக்குள் கேடில்லை. ஆனால் மருத்துவர் முன் 'பூச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது. தரையில் படுத்திருந்தவர் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ காரணமின்றி வயிற்று வலியோடு கண்ணிமை சரிந்து எழுந்தால், கடித்ததைக் காணாவிடினும், பாம்பு கடித்திருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வறிஞர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் கிராம மக்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடி நஞ்சினை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் கடிபடுகின்றனர் என்ற சரியான கணக்கு கிடைத்தால்தான் மருந்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் வைக்க இயலும். 'பூச்சிக்கடி' என்று எழுதப்பட்ட பாம்புக்கடி அந்தக் கணக்கில் வராது.

இங்கு மற்றொன்றும் அறியத்தக்கது. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சையும் எடுத்து மருந்து செய்வோர்க்கு வழங்குகின்றனர். நம் மருத்துவமனைகளில் இடப்படும் நச்சுமுறி மருந்து, இந்நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்க வல்ல ஒரே மருந்து. ஆகவே, கடித்தது எது என்று தேடிப் பிடிக்கவோ அடித்துக் கொண்டுவரவோ வேண்டுவதில்லை. அந்த முயற்சியில் நேரம் வீணாவதோடு இரண்டாமவரும் கடிபடுவதுண்டு.

கதையிற் பிறந்த பெயர்கள்

நான்காம் வகைப் பெயர்களில் பாதி உண்மையும் பாதி புனைவும் கலந்திருக்கும். 'கொம்பேறி மூக்கன்' என்பது கிளைக்குக் கிளை விரைந்து ஏறும் மெல்லிய பாம்பு. கொம்பு என்பது கிளை. ஆகவே பெயரின் முற்பகுதி மெய். ஆனால், அது ஒருவனைக் கடித்தபின் மரத்தின் உச்சியில் ஏறி, அவன் சிதை எரியும் புகையைப் பார்த்தபின்பே இறங்கும் என்பது புனைவு. அப்பாம்புக்கு நஞ்சே கிடையாது. 'கண்கொத்திப் பாம்பு' என்று பழி சுமக்கும் பச்சைப் பாம்பு, புதரில் மனிதனின் முகத்தளவு உயரத்தில் அசையாது கிடப்பது, கூரிய மூக்குடையது. தழை ஒடிக்கச் செல்பவர் முகத்துக்கு நேரே திடீரென்று அது தலை நீட்டியதிலிருந்து இக்கதை பிறந்திருக்கலாம். அது தேடுவது ஓணானையும் தவளையையுமே. அதன் மென்னஞ்சு மனித உயிருக்குக் கேடு செய்வதில்லை.

மண்ணுக்குள் நுழைந்து வாழும் மண்ணுளிப் பாம்புக்கு 'இருதலைமணியன்' என்றும் பெயர். அதன் வால் மழுங்கித் தலைபோல் இருக்கும். பகைவர் நெருங்கினால் அது உண்மைத் தலையை மறைத்து, வாலை உயர்த்திக் காட்டும். ஆகவே இரண்டு தலை என்று கண்டவர்கள் கண்டது, அந்தப் பாம்பு காட்ட விரும்பியதையே! இப்பெயரைப் பற்றிக்கொண்டு, இருதலைப் பாம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று ஆசை காட்டிப் பெருந்தொகைக்கு விற்கும் மோசடிக்காரர்கள் இருக்கின்றனர். வாங்கினவர் பணத்தையும் இழந்து, சட்டப்படி குற்றவாளியும் ஆகின்றார். வயலில் எலி தின்ன வேண்டிய பாம்பும் பறிபோகின்றது.

ஆந்தையையும் கூகையையும் 'சாக்குருவி' என்பது இவ்வகையில் மிக வருந்தத்தக்கது. இரவில் நோயாளியின் அருகே விளக்கேற்றி விழித்திருப்பவர்களின் செவியில் அதன் குரல் விழுகிறது. மறுநாள் மரணம் நேர்ந்தால் பழி அப்பறவையின் மேல் விழுகிறது. உறங்கும் வீடுகளில் எவரும் அதன் குரலைக் கேட்பதில்லை. ஆகவே மரணம் நேராத இரவுகள் கணக்கில் வருவதில்லை. நெல்வயலில் எலி வளை தோண்டும் பருவத்தில் இராக்காவல் செய்யும் கூலி வாங்காத காவற்காரன் இப்பறவையே. வயலில் ஆங்காங்கே தென்னை மட்டையையோ கழியையோ நட்டுப் பறவைத்தாங்கி அமைத்தால், பகலில் கரிச்சான் புழுவைப் பிடிக்கும். இரவில் ஆந்தை எலியைப் பிடிக்கும்.

தனி விலங்குக்கு இட்ட பட்டப்பெயர்

கேரளத்துச் சின்னக்கானல் பகுதியில், அரிசியைத் தேடி வீடுகளையும் நியாயவிலைக் கடையையும் உடைத்த ஆண் யானைக்கு 'அரிக்கொம்பன்' என்று ஊரார் பெயரிட்டனர். மலையாளத்தில் அரி என்பது அரிசி. பலாப்பழத்தில் விருப்பமுடைய மற்றொன்று 'சக்கக்கொம்பன்' ஆயிற்று. அரிக்கொம்பன் 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. மே மாதம் 27-ஆம் தேதி நம் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5-ஆம் தேதி மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கோவை வட்டாரத்தின் 'சின்னத்தம்பி', 2019 ஜனவரியில் பிடிக்கப்பட்டு ஆனைமலைக் காட்டில் விடப்பட்டபின், பயிர் நிலங்களை நோக்கி நெடுந்தொலைவு நடந்து, உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கரும்பு வயல்களில் தங்கியது. பிப்ரவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டது.

அரிக்கொம்பன் என்ற பெயரிலேயே ஊராட்சிக்கு ஒரு பாடம் இருக்கிறது. யானை எதற்காக ஊருக்குள் வருகிறது என்பதை அப்பெயர் வெளிப்படையாகக் கூறுகிறது. காட்டோரத்தில் தானியக் கிடங்கும் நியாயவிலைக் கடையும் எவ்விடத்தில், எத்தகைய சுவரோடு அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணுதல் நலம். மற்றொரு புறம், ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டால், எந்த யானை செய்த சேதமும் அப்பெயரின் கணக்கிலேயே எழுதப்படக்கூடும். ஆகவே சேதம் குறித்து வனத்துறைக்கு எழுதும்போது, பட்டப்பெயரோடு நில்லாமல் நாள், நேரம், வந்த வழி, தனித்து வந்ததா கூட்டமாக வந்ததா, தந்தம் உண்டா இல்லையா என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். இழப்பீடு பெறுவதற்கும் அதுவே துணை செய்யும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தொகுத்து வைத்தல் வேண்டும். அப்பதிவேட்டில் உள்ளூர்ப் பெயர்களுக்கும் இடம் உண்டு. ஆடு மாடு மேய்ப்போர், ஏரி மீன்பிடிப்போர், மலைவாழ் மக்கள், முதிய பெண்கள் ஆகியோரைக் கேட்டு இப்பெயர்களை எழுதி வைக்க வேண்டும். பெயரை மட்டுமன்றி, ஏன் அப்பெயர் வந்தது என்று அவர்கள் கூறும் காரணத்தையும் எழுத வேண்டும். பெயரைக் காப்போம், காரணத்தைச் சோதிப்போம்.

இரண்டாவதாக, நஞ்சுடைய நான்கு பாம்புகளின் படங்களை, உள்ளூரில் வழங்கும் பெயர்களோடு, ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் தொங்கவிடலாம். கடி நேர்ந்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை கூடா. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 108 ஊர்தியிலோ கிடைத்த வாகனத்திலோ உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மந்திரிப்பவரிடம் கழியும் நேரம் திரும்பக் கிடைப்பதன்று. இரவில் கட்டிலில் படுத்தலும், தரையில் படுப்போர் கொசுவலையைப் பாயின் கீழே செருகிக்கொள்ளுதலும் கட்டுவிரியனிடமிருந்து காப்பவை.

மூன்றாவதாக, கிராம சபைக் கூட்டங்களில் இப்பெயர்களைப் பற்றிப் பேச ஒரு நாழிகை ஒதுக்கலாம். சாக்குருவி என்ற பெயரை ஊர் மறக்க வேண்டும் என்பதில்லை. எலியைப் பிடிக்கும் பறவை என்பதையும் அதனோடு சேர்த்து அறிந்தால் போதும். பாம்பைப் பூச்சி என்று கூறும் பாட்டியைத் திருத்த வேண்டுவதும் இல்லை. அப்பாட்டி "பூச்சி கடித்தது" என்று கூறும் இரவில், அதன் பொருளை உணர்ந்து உடனே வண்டி தேடும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், அவ்வூரில் பல உயிர்கள் பிழைக்கும்.